உலோகத்தின் முனகலுக்குக் காது கொடுத்தவர்கள்

சந்தையில் மண்பானை வாங்கப் போகிறவர் எவரும் அதை விரலால் ஒருமுறை சுண்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. ஓசை எழும்பாமல் அடங்கினால் எங்கோ கீறல் விழுந்திருக்கிறது. ரயில் நிலையங்களில் நீண்ட காம்புள்ள சுத்தியலுடன் பெட்டிகளின் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகும் ஊழியரை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். அவர் செய்ததும் அதே காரியம்தான். ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறிய மனிதன் கண்ட மிகப் பழைய வழி, தட்டிக் கேட்பது.

தட்டாமலே கேட்பது என்றும் ஒன்று உண்டு. பொருளின் மேல் காதை வைத்துவிட்டு, அது தானாக எப்போது வாய் திறக்கும் என்று காத்திருப்பது. ஆங்கிலத்தில் அகௌஸ்டிக் எமிஷன் என்று வழங்கும் இம்முறையைத் தமிழில் ஒலி உமிழ்வுச் சோதனை எனலாம். கடலில் நிற்கும் எஃகுக் கட்டுமானங்களை அரிப்பும் விரிசலும் தின்பதை இந்த வழியில் கண்டறிய முடியுமா என்ற கேள்விக்குச் சுமார் 50 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறோம். இலக்கியம் பேசுகிற இடத்தில் இரும்புக்கு என்ன வேலை என்று கேட்கும் வாசகர்களுக்கு ஒரு சமாதானம்: இந்த வரலாற்றின் நடுவில் விழுந்து கிடக்கும் கடல்மேடைக்கு ஒரு நாவலாசிரியரின் பெயர் சூட்டப்பட்டிருந்தது.

*

அலெக்சாண்டர் கீலாண்ட் (1849–1906) நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள ஸ்டாவாங்கர் நகரத்துக்காரர். இப்சன், பியோர்ன்சன், யூனாஸ் லீ ஆகியோரோடு சேர்த்து நார்வே இலக்கியத்தின் நால்வருள் ஒருவராக வைத்து எண்ணப்படுபவர். கடலையும் கப்பலையும் நம்பி வாழ்ந்த ஒரு வணிகக் குடும்பத்தின் கதையைச் சொல்லும் அவருடைய 'கார்மன் அண்ட் வோர்ஸ்' 1880இல் வெளிவந்தது. பிற்காலத்தில் அவர் அதே நகரத்தின் மேயராகவும் இருந்தார்.

1969இல் நார்வேக்குரிய வட கடற்பகுதியில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ஸ்டாவாங்கர் எண்ணெய் நகரமாக மாறியது. அங்கிருந்த நிறுவனம் ஒன்று, பிரான்ஸின் டன்கர்க் துறையில் கட்டப்பட்டு 1976இல் கைக்கு வந்த ஒரு மிதவை மேடைக்குத் தங்கள் ஊர் எழுத்தாளரின் பெயரை வைத்தது. ஐந்து தூண்கள் மேல் நிற்கும் மேடை அது. எண்ணெய்க் கிணறு துளையிடுவதற்கென வடிவமைக்கப்பட்டிருந்தாலும், பக்கத்து மேடைகளில் வேலை செய்கிறவர்கள் உண்டு உறங்கும் மிதக்கும் விடுதியாகவே அது பயன்பட்டது.

1980 மார்ச் 27 மாலை. எக்கோஃபிஸ்க் வயலில் எட்டா என்ற உற்பத்தி மேடையின் அருகே கீலாண்ட் நின்றிருந்தது. காற்றும் அலையும் வலுத்ததால் சற்று முன்புதான் அதை எட்டாவிலிருந்து விலக்கி நிறுத்தியிருந்தார்கள். மேடையில் 212 பேர். பணி முடிந்து வந்தவர்கள் பலர் உணவுக்கூடத்திலும் திரைப்படக் கூடத்திலும் இருந்தனர். ஆறரை மணிக்குச் சற்று முன் 'டமார்' என்று ஒரு சத்தம்; தொடர்ந்து ஒரு நடுக்கம். மேடை 30 பாகைக்கு மேல் சாய்ந்து நின்றது. ஆறு நங்கூர வடங்களில் ஐந்து அறுந்து, ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. 6.53க்கு அதுவும் அறுந்தது. மேடை தலைகீழாகக் கவிழ்ந்தது. 123 பேர் மாண்டனர்.

அந்தச் சத்தம் 212 பேருக்கும் கேட்டிருக்கக்கூடியது. ஆனால் அது ஒரு நீண்ட பேச்சின் கடைசிச் சொல். அதற்கு முந்தைய சொற்கள் யார் காதிலும் விழவில்லை.

*

விசாரணைக் குழுவின் அறிக்கை 1981இல் வந்தது. அது கண்டறிந்ததை அறிந்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். மேடையின் தூண்களைப் பெரிய எஃகுக் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாக இணைத்திருந்தன. அவற்றில் டி-6 எனக் குறிக்கப்பட்ட குழாயில் ஒரு துளையிட்டு, ஹைட்ரோஃபோன் எனப்படும் நீரடி ஒலிவாங்கியைத் தாங்குவதற்கான சிறு குழலைப் பற்றவைத்திருந்தார்கள். துளையிடும் பணியின்போது மேடை தன் இடத்தை ஒலியால் அறிந்துகொள்வதற்கான காது அது. தங்குமிடமாகப் பயன்பட்ட மேடையில் அந்தக் காதுக்குப் பெரிய வேலை இருந்திருக்காது.

வடிவமைத்தவர்கள் கண்ணில் அந்தத் தாங்கி ஓர் உதிரிப் பொருத்துச் சாமான். மேடையின் பாரத்தைத் தாங்கும் உறுப்புகளுக்குக் காட்டிய கவனம் அதற்குக் காட்டப்படவில்லை. அதைச் சுற்றிப் போட்ட 6 மில்லிமீட்டர் பற்றவைப்பு தரக்குறைவாக இருந்தது. அந்த விரிசலுக்குள் வண்ணப்பூச்சின் தடயங்கள் கிடைத்தன. மேடை கடலைத் தொடுவதற்கு முன்பே, பூச்சு அடிக்கும் நேரத்திலேயே, விரிசல் திறந்திருந்தது என்று பொருள். அங்கிருந்து அது குழாயின் சுற்றளவுக்கு மெல்லப் படர்ந்தது. டி-6 அறுந்ததும் அதன் பங்குப் பாரம் மற்ற குழாய்கள் மேல் விழுந்தது; அவை அடுத்தடுத்து முறிந்தன; ஒரு தூண் முழுவதுமாகக் கழன்று போனது.

ஆக, மேடையைக் கொன்ற புண், ஒரு காதைப் பொருத்துவதற்காக இட்ட துளையில் தொடங்கியது. அந்தக் காது கடலை நோக்கித் திரும்பியிருந்தது. தன்னைத் தாங்கிய எஃகு என்ன சொல்கிறது என்று கேட்பது அதன் வேலையாக இருக்கவில்லை.

*

பத்து விநாடிக்கு ஓர் அலை என்று கொண்டாலும் ஓராண்டில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட அலைகள் ஒரு மேடையை மோதுகின்றன. நான்கு ஆண்டு நிறையாத கீலாண்டின் வாழ்நாளில் அது ஒரு கோடியைத் தாண்டும். ஒவ்வொரு அலையும் எஃகைச் சிறிது வளைத்து விடுகிறது. ஒரே கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துபோவதைப் போல, எஃகும் களைத்துப் போகிறது. இதைப் பொறியாளர்கள் உலோகச் சோர்வு என்பார்கள்.

காற்றில் இருக்கும் எஃகுக்கு ஒரு சலுகை உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழான பாரத்தை எத்தனை கோடி முறை ஏற்றி இறக்கினாலும் அது தாங்கும். பாதுகாப்பின்றி உப்புநீரில் நிற்கும் எஃகுக்கு அந்தச் சலுகை இல்லை. இதை முதலில் கவனித்தவர்களுள் ஒருவர் பிரிட்டனின் பெர்னார்ட் ஹெய்க். முதல் உலகப்போரில், கண்ணிவெடிகளை அகற்றும் கருவிகளைக் கடலில் இழுத்துச் சென்ற எஃகு வடங்கள் கணக்குக்கு முன்பே அறுந்துபோனதை அவர் 1917இல் ஆராய்ந்தார். அரிப்பும் சோர்வும் தனித்தனியே செய்யும் சேதத்தைக் கூட்டினால் வருவதைவிட, இரண்டும் சேர்ந்து செய்யும் சேதம் பெரிது என்பது அதிலிருந்து தெளிவானது. அரிப்பு ஒரு சிறு குழியைத் தோண்டுகிறது. அலை அந்தக் குழியின் அடியில் விரிசலைத் திறக்கிறது. திறந்த விரிசலுக்குள் உப்புநீர் புதிதாக நுழைகிறது. கடலில் இவ்விரண்டையும் பிரித்துப் பேசுவது கடினம்.

அரிப்பைத் தடுக்கும் முயற்சிக்கு இதைவிடப் பழைய வரலாறு இருக்கிறது. 1824இல் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் வேய்ந்த செப்புத் தகட்டோடு இரும்பையோ துத்தநாகத்தையோ இணைத்தால், செம்புக்குப் பதிலாக அவை அரிபடும் என்று காட்டினார். செம்பு பிழைத்தது. ஆனால் கரையாத செம்பில் நஞ்சும் இல்லாததால் சிப்பியும் பாசியும் அப்பிக்கொண்டு கப்பல்களின் வேகம் குறைந்தது. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. எனினும் அதே தத்துவத்தில்தான் இன்றும் எண்ணெய் மேடைகளின் கால்களில் துத்தநாக, அலுமினியக் கட்டிகளைக் கட்டித் தொங்க விடுகிறார்கள். அவை தங்களை அரிக்கக் கொடுத்து எஃகைக் காக்கின்றன. ஆனால் எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்கும் பகுதியைத்தான் அவற்றால் காக்க முடியும். அமெரிக்காவின் வட கரோலினாவில் கூரே கடற்கரையில் 1935இல் தொடங்கிய சோதனை நிலையத்தில், எஃகுத் துண்டுகளைக் கடலின் அடியிலிருந்து காற்றுவரை வெவ்வேறு உயரங்களில் நிறுத்திப் பார்த்தபோது, அரிப்பு உச்சத்தில் இருந்த இடம் நீரின் ஆழத்தில் இல்லை. அலைத்துளி வந்து வந்து விழுந்து காயும் பகுதியில் இருந்தது. காற்றும் உப்பும் ஈரமும் ஒருசேரக் கிடைக்கும் அந்தப் பட்டையில் பூச்சு உரிந்தால் எஃகுக்குக் காவல் இல்லை. மனிதர் நின்று பார்ப்பதற்கு மிகக் கடினமான இடமும் அதுவே. முக்குளிப்பவரை அலை தூணோடு மோதும். மேலிருந்து கயிற்றில் இறங்குகிறவரை நனைத்துத் தள்ளும்.

கண் எட்டாத இடத்தில் காது எட்டுமா என்ற எண்ணம் இங்கே பிறப்பது இயல்பு.

*

உலோகம் சத்தமிடும் என்பது புதிய செய்தி அன்று. வெள்ளீயக் கட்டியை வளைத்தால் கிறீச்சென்று ஓர் ஒலி வரும். அரபு ரசவாதி ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் பழைய நூல்களிலேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டு. வெள்ளீயத்தின் அழுகை என்று அதற்குப் பெயர். வளையும்போது உலோகத்தின் படிகங்கள் திடீரென நிலை மாறுவதால் எழும் ஒலி அது. ஆனால் பல நூற்றாண்டுகளுக்கு அது ஒரு வேடிக்கையாகவே இருந்துவந்தது.

1930களில் ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் ஃபூயுஹிகோ கிஷினோவே, பூமிக்குள் பாறை எப்படி உடைகிறது என்பதை விளங்கிக்கொள்ள ஒரு மரப்பலகையை எடுத்துக்கொண்டார். கிராமபோன் ஊசியைப் பலகையில் குத்தி, பலகையை மெல்ல வளைத்து, அது உடையுமுன் எழுப்பிய ஒலிகளைப் பெருக்கிப் பதிவு செய்தார். பாட்டுக் கேட்பதற்கான ஊசி, மரம் முறிவதைக் கேட்டது. அதே பத்தாண்டின் இறுதியில், அமெரிக்கச் சுரங்கத் துறையின் லெனர்ட் ஓபர்ட், சுரங்கத் தூண்களில் ஒலியின் வேகத்தை அளக்கப் போனார். கருவியில் காரணம் தெரியாத இரைச்சல் குறுக்கிட்டது. பழுது எங்கே என்று தேடியபோது, பாரம் தாங்கும் பாறையே அந்த ஒலியை எழுப்புவது தெரியவந்தது. அளக்க வந்ததைவிட இரைச்சல்தான் முக்கியமான செய்தி என்று புரிந்துகொண்டது அவருடைய பெருமை.

1948இல் பெல் ஆய்வகத்தில் மேசன், மெக்ஸ்கிமின், ஷாக்லி ஆகிய மூவர் வெள்ளீயத்தின் அழுகையை, மனிதச் செவிக்கு எட்டாத மீயொலி அலைகளாகப் பதிவு செய்தனர். இந்த ஷாக்லி, டிரான்சிஸ்டருக்காக நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான அதே வில்லியம் ஷாக்லிதான்.

எனினும் இத்துறைக்கு அடித்தளம் இட்டவர் என்ற பெயர் ஜெர்மனியின் யோசஃப் கைசருக்கு உரியது. மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் 1950இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில், துத்தநாகம், எஃகு, அலுமினியம், செம்பு, ஈயம் போன்ற உலோகங்களை இழுத்து அவை எழுப்பும் ஒலிகளைக் கேட்டார். எல்லாமே ஒலித்தன. ஆனால் அவர் கண்ட விசித்திரம் வேறு. ஒரு துண்டை ஒரு குறிப்பிட்ட பாரம்வரை இழுத்துவிட்டுத் தளர்த்தி, மறுபடி இழுத்தால், பழைய பாரத்தைத் தொடும்வரை அது மௌனமாக இருக்கிறது. அதைத் தாண்டிய பிறகுதான் மீண்டும் ஒலிக்கத் தொடங்குகிறது. தான் ஏற்கெனவே பட்ட துன்பத்தை உலோகம் இரண்டாம் முறை சொல்வதில்லை. கைசர் விளைவு என்று இன்று வழங்கும் இந்த உண்மையைக் கண்டவர் 1958இல் காலமானார். அவருடைய கண்டுபிடிப்பு உலகெங்கும் தொழிற்சாலைகளுக்குப் போனதை அவர் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் பிராட்ஃபோர்ட் ஸ்கோஃபீல்ட் இந்த ஆய்வைத் தொடர்ந்தார். அகௌஸ்டிக் எமிஷன் என்ற பெயரும் அவர் எழுத்துகள் வழியே நிலைபெற்றது. 1960களின் தொடக்கத்தில் போலாரிஸ் ஏவுகணையின் மோட்டார்க் கூடுகளை நீரழுத்தத்தால் சோதித்தபோது, அவை வெடிப்பதற்கு முன்பே ஒலிகளை எழுப்பியதை ஏரோஜெட் பொறியாளர்கள் ஒலிப்பதிவு நாடாவில் பிடித்தனர். கலிஃபோர்னியாவில் ஹரால்ட் டனெகன், செவிக்குக் கேட்கும் எல்லையான 20,000 ஹெர்ட்சுக்கு மேலே போய்க் கேட்டால் அக்கம்பக்கத்து இரைச்சல் பெருமளவு விலகிவிடும் என்று காட்டினார். ஆய்வகத்துக்கு வெளியே இம்முறை கால் வைத்தது அதற்குப் பிறகுதான்.

கருவி எளிமையானது. ஜாக் கியூரியும் பியேர் கியூரியும் 1880இல் கண்ட பீசோ மின்விளைவு, அதாவது சில படிகங்கள் அழுத்தப்படும்போது மின்சாரம் உண்டாக்கும் தன்மை, அதன் அடிப்படை. விரல் பருமனுள்ள உணர்விகளை எஃகின் மேல் பசையிட்டு ஒட்டுகிறார்கள். விரிசல் ஒரு மயிரிழை நகர்ந்தால் ஓர் அதிர்வலை எஃகு வழியே ஓடிவரும். எஃகில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஓடும் என்று கொண்டால், ஓர் உணர்வியைவிட இன்னொன்றை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதமாக அடைந்த அலை, 5 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறது. இப்படிப் பல உணர்விகளின் நேரங்களை ஒப்பிட்டால் சத்தம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். ஒரே ஓசையைக் கேட்ட பலரை விசாரித்துத் திசையைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை.

*

1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் வட கடல் மேடைகளில் இம்முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். நம்பிக்கை பெரிதாக இருந்தது. முக்குளிப்பவரை ஆழத்துக்கு அனுப்புவது செலவும் ஆபத்தும் நிறைந்த காரியம். மேடையின் கால்களில் காதுகளை ஒட்டிவிட்டு, மேலே கதகதப்பான அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம் என்ற கனவு யாருக்குத்தான் பிடிக்காது?

கடல் அவ்வளவு எளிதில் வழிவிடவில்லை. ராக்கெட் கூட்டைச் சோதித்த கூடம் அமைதியானது. மேடையிலோ அலை அறைகிறது, சங்கிலி உரசுகிறது, எந்திரங்கள் அதிர்கின்றன, மழை விழுகிறது. அதிர்வெண்ணை உயர்த்தினால் இரைச்சல் குறையும். ஆனால் உயர்ந்த அதிர்வெண் எஃகில் வெகுதூரம் போகாது. அதோடு நீருக்குள் நிற்கும் எஃகு தன் ஒலியைச் சுற்றியுள்ள நீருக்குக் கசிய விட்டுவிடுகிறது. ஆகவே சந்தேகப்படும் இணைப்புக்கு அருகிலேயே உணர்வியை வைக்க வேண்டியிருந்தது. அதன் கம்பியையும் பசையையும் கடலிலிருந்து காக்க வேண்டியிருந்தது. மேடை முழுவதற்கும் ஒரு காது என்ற கனவு, குறிப்பிட்ட சில மூட்டுகளுக்குச் சில காதுகள் என்று சுருங்கியது. பல நிறுவனங்கள் வேறு வழிகளை நாடின. அவற்றுள் ஒன்று, குழாய்க்குள் நீர் புகுந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்ப்பது. காற்று நிரம்பியிருக்க வேண்டிய குழாயில் நீர் இருந்தால், விரிசல் முழுத் தடிமனையும் கடந்துவிட்டது என்று பொருள். நம்பகமான வழிதான், ஆனால் அது தாமதமாகத் தெரிந்துகொள்வது.

அரிப்பைக் கேட்பது விரிசலைக் கேட்பதைவிடக் கடினமானது. இரும்பு கரைவது ஏறக்குறைய ஓசையற்ற நிகழ்ச்சி. அதன் கூட வருகிற நிகழ்ச்சிகளுக்குத்தான் ஓசை உண்டு. துரு தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், அடுக்கடுக்காக உப்பிப் பிளந்து செதில்களாகப் பெயர்கிறது. வேதிவினையில் பிறக்கும் ஹைட்ரஜன் குமிழிகள் விடுபட்டு எழுகின்றன. குழிகளை மூடியிருக்கும் துருமூடி உடைகிறது. இழுவிசையில் இருக்கும் எஃகில் அரிப்பு நுண்ணிய விரிசல்களைத் திறக்கிறது. இவை எல்லாம் மெல்லிய முனகல்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கைசர் விதி அரிப்புக்குப் பொருந்துவதில்லை. பாரம் சிறிதும் ஏறாதபோதும், கடல் கண்ணாடி போலக் கிடக்கும் இரவிலும், அரிப்பு தன் வேலையைச் செய்துகொண்டும் ஒலித்துக்கொண்டும் இருக்கிறது. பழைய பாரத்தை எட்டுமுன்பே எஃகு பேசத் தொடங்கினால், இடைப்பட்ட காலத்தில் அதற்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று அறியலாம்.

இந்த முனகலைக் கேட்க முடியும் என்று உறுதியானது கடலில் அன்று, கரையில். கச்சா எண்ணெய் தேக்கும் பெரிய தொட்டிகளின் அடித்தகடு அரிக்கப்பட்டிருக்கிறதா என்று அறியத் தொட்டியைக் காலி செய்து, கழுவி, உள்ளே ஆள் இறங்க வேண்டும். பல வாரங்கள் பிடிக்கும். 1980களின் இறுதியிலிருந்து வேறொரு வழி வளர்ந்தது. தொட்டியை நிரப்பி, வால்வுகளை மூடி, பல மணிநேரம் அசையாமல் விட்டுவிட்டு, சுவரைச் சுற்றி ஏறக்குறைய 30,000 ஹெர்ட்சில் கேட்கும் உணர்விகளை ஒட்டுவது; காற்றும் மழையும் அடங்கிய வேளையில் சிறிது நேரம் கேட்பது. கேட்டதை வைத்துத் தொட்டிகளுக்கு ஐந்து தரங்கள் கொடுத்தார்கள். அமைதியான தொட்டியைத் திறக்காமல் விடலாம். இரைகிற தொட்டியை முதலில் திறக்க வேண்டும்.

கடலுக்கு அது திரும்பி வர ஒரு விபத்தும் தூண்டியது. 1999 டிசம்பர் 12 அன்று, 1975இல் கட்டப்பட்ட எரிகா என்ற எண்ணெய்க் கப்பல் பிரான்ஸின் பிரித்தானி கரைக்கு அப்பால் புயலில் இரண்டாக முறிந்தது. கப்பலில் இருந்த 26 பேரும் மீட்கப்பட்டனர். ஆனால் ஏறத்தாழ 20,000 டன் எண்ணெய் கடலில் கலந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கரையை மூடியது. அரிப்பால் மெலிந்த உட்கட்டமைப்பு முறிவுக்கு வழி செய்ததை விசாரணை காட்டியது. இதன் பின் 2000களில், ஐரோப்பியத் திட்டங்களின் கீழ் ஆஸ்திரிய ஆய்வாளர்கள், தொட்டியில் கற்ற பாடத்தைக் கப்பலுக்குக் கொண்டுவர முயன்றனர். கப்பல் எஃகைக் கடல்நீரில் அரிக்கவிட்டு அதன் ஒலிகளை ஆய்வகத்தில் பழகிக்கொண்டு, பிறகு கப்பல்களில் போய் அலைச் சத்தத்துக்கும் எந்திரச் சத்தத்துக்கும் நடுவே அதே ஒலிகளைத் தேடினார்கள். இரைச்சலைப் பிரித்தறியக் கணினிகள் கற்றுக்கொண்டு வந்ததால், முந்தைய தலைமுறைக்கு முடியாமற்போனது இவர்களுக்கு ஓரளவு கைகூடியது.

*

இந்த வரலாற்றைப் படித்து முடித்த எவருக்கும் ஒரு கேள்வி எழும். 1976இல் கீலாண்ட் மேடையில் இப்படிப்பட்ட காதுகள் இருந்திருந்தால் அந்த 123 பேர் பிழைத்திருப்பார்களா?

ஆம் என்று சொல்லிவிட மனம் விரும்புகிறது. ஆனால் நாம் அப்படிச் சொல்லத் துணியமாட்டோம். அந்த விரிசல் நிச்சயம் பேசியிருக்கும். பல குளிர்காலப் புயல்களில் மயிரிழை மயிரிழையாக நகர்ந்தபோதெல்லாம் பேசியிருக்கும். கேட்க வேண்டுமானால் காது டி-6 குழாயில், அந்தத் தாங்கிக்கு அருகில் இருந்திருக்க வேண்டும். ஹைட்ரோஃபோன் தாங்கியை உதிரிச் சாமான் என்று எண்ணியவர்கள், காதுகளை எங்கே ஒட்டுவது என்று முடிவு செய்திருந்தால் அங்கே ஒட்டியிருப்பார்களா? முக்கியமென்று தாங்கள் கருதிய மூட்டுகளில் ஒட்டியிருப்பார்கள். அங்கிருந்து வந்த அமைதியைக் கேட்டு நிம்மதியாக உறங்கியிருப்பார்கள்.

அதோடு, இம்முறை நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும். நடந்து முடிந்ததைச் சொல்லாது. பத்து ஆண்டுகளில் பாதியாக மெலிந்துவிட்ட தகடு, இன்று அரிபடாமல் இருந்தால் மௌனமாகவே இருக்கும். எவ்வளவு தடிமன் மீதியிருக்கிறது என்று அறிய மறுபடியும் அந்தப் பழைய வழிக்கு, பானையைச் சுண்டும் வழிக்கு, மீயொலியை அனுப்பி எதிரொலியை அளக்கும் வழிக்குத்தான் திரும்ப வேண்டும். உலோகம் மௌனமாக இருக்கிறது என்பதாலேயே அது நலமாக இருக்கிறது என்று ஆகிவிடாது. இத்துறையின் அனுபவசாலிகள் இதை நன்கு அறிவார்கள். அவர்களுடைய அறிக்கையும் 'இங்கே ஏதோ நடக்கிறது, போய்ப் பாருங்கள்' என்ற அளவிலேயே முடியும். போய்ப் பார்ப்பது வேறொருவரின் பொறுப்பு. அதற்குச் செலவாகும், உற்பத்தி நிற்கும். எந்தக் காதும் அந்த முடிவை எடுத்துத் தராது.

கவிழ்ந்த மேடையை 1983இல்தான் நிமிர்த்த முடிந்தது. அதன் பிறகு அதை ஒரு ஃபியோர்டின் ஆழத்தில் அமிழ்த்திவிட்டார்கள். 1986இல் ஸ்டாவாங்கரின் கடலோரத்தில், அறுந்த சங்கிலியின் வடிவில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. உயிர் தப்பியவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தினரும் பல பத்தாண்டுகள் கேள்விகள் கேட்டுக்கொண்டே இருந்தனர். விபத்துக்குப் பின் அவர்களை அரசு உரியபடி கவனிக்கவில்லை என்று நார்வேயின் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை தந்தது 2021இல். அதாவது 41 ஆண்டுகள் கழித்து. எஃகின் குரலைக் கேட்க 50 ஆண்டுகளாகக் கருவிகளைச் செப்பனிட்டு வந்த காலத்திலேயே, பிழைத்து வந்த மனிதர்களின் குரல் எட்ட வேண்டிய இடத்தை எட்ட இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

வட கடலின் முதல் தலைமுறை மேடைகள் பலவற்றை இப்போது பிரித்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்கிட்ட ஆயுளைக் கடந்தும் நிற்பவை இன்னும் உண்டு. கடலின் நடுவே காற்றாலைகளைத் தாங்கிப் புதிய தூண்களும் எழுந்துவிட்டன. அவற்றின் மேலும் அலைத்துளி விழுந்து காய்கிறது. அங்கே காதை எந்த மூட்டில் ஒட்டலாம் என்று வரைபடத்தை விரித்து யோசிக்கிறவர், அதில் உதிரிச் சாமான் என்று எழுதியிருக்கும் இடங்களையும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே போவது நல்லது.